படம் வேண்டாம், குரல் போதும்!

பெரியவருக்கு வயது 78. இரண்டு கண்களிலும் பார்வை போய்விட்டது. காது மட்டும் நன்றாகக் கேட்கும்.

அவருடைய தகரப் பெட்டியில் ஒரு தட்டு இருக்கிறது. "வீரபாண்டிய கட்டபொம்மன்" படத்தின் டி.வி.டி. கடையில் காசு கொடுத்து வாங்கியது. பில்கூடப் பத்திரமாக இருக்கிறது.

படத்தைப் பார்க்க அவரால் முடியாது. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒவ்வொரு காட்சியும் அவர் மனதில் இருக்கிறது. அவருக்கு வேண்டியது வசனம். இரவில் கட்டிலில் சாய்ந்துகொண்டு சிவாஜி கணேசனின் குரலைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

டெலிவிஷனில் போடலாம். ஆனால் அந்த நேரத்தில் பேத்தி பரீட்சைக்குப் படிக்கிறாள். மருமகள் காலையில் ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டியவள். சத்தம் போட்டுக் கேட்கப் பெரியவருக்கே மனம் இல்லை. காதில் மாட்டும் கருவி இருக்கிறது. செல்போன் இருக்கிறது. செல்போனுக்குள் அந்தக் குரல்தான் இல்லை.

பேரன் தட்டை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனான்.

"அண்ணே! இதிலிருந்து சத்தத்தை மட்டும் எடுத்து மெமரி கார்டில் போட்டுக் கொடுங்கள். தாத்தா கேட்கவேண்டும்."

கடைக்காரர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உறையின் அடியில் பொடி எழுத்தில், இங்கிலீஷில், ஏதோ எச்சரிக்கை அச்சடித்திருந்தது.

"இது கம்பெனித் தட்டு, தம்பி. காப்பி எடுத்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடும். நம்மால் ஆகாது" என்று கையை விரித்துவிட்டார்.

அதே கடையில் கொஞ்சம் பணம் கொடுத்தால் நூற்றுக்கணக்கான சினிமாப் பாட்டுகளைக் கார்டில் ஏற்றிக் கொடுக்கிறார்கள். அதற்குக் கேஸ் வராதாம்! சொந்தக் காசில் தட்டு வாங்கியவன் தன் வீட்டில் கேட்பதற்குக் குரலை எடுத்தால் கேஸ் வருமாம்!

இது எந்த ஊரிலும், எந்தத் தெருவிலும் நடக்கக்கூடியது. கடைக்காரர் பயந்தது சரியா? பேரன் கேட்டது தப்பா? சட்டம் என்ன சொல்கிறது?

காதால் பார்த்த படங்கள்

படம் இல்லாமல் சினிமாக் கேட்பது தமிழர்களுக்குப் புதிய பழக்கம் அல்ல.

1952-ல் "பராசக்தி" வந்தது. அதன் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லாத வாலிபர்கள் அந்தக் காலத்தில் குறைவு. 1959-ல் "கட்டபொம்மன்" வந்தது. 1965-ல் "திருவிளையாடல்" வந்தது. தருமியும் சிவபெருமானும் பேசும் காட்சியைக் கோயில் திருவிழாவில், ஒலிபெருக்கியில் கேட்டே தெரிந்துகொண்டவர்கள் ஆயிரம் ஆயிரம் பேர். அவர்களில் பலர் படத்தைப் பார்த்தது அதற்கு எத்தனையோ வருடம் கழித்துத்தான்!

ரேடியோவில் "ஒலிச்சித்திரம்" வரும். ஒரு முழுப் படத்தின் வசனத்தையும் பாட்டையும் சுருக்கி ஒலிபரப்புவார்கள். ரேடியோ இருக்கும் வீட்டுத் திண்ணையில் அக்கம்பக்கத்தார் கூடிவிடுவார்கள். பெண்கள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்பார்கள். கை வேலை செய்யும். காது படம் பார்க்கும்.

பிறகு டேப் வந்தது. பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் கொண்டுவந்த சின்ன கேசட், மெல்ல மெல்லத் தமிழ்நாட்டுக் கிராமங்கள்வரை வந்து சேர்ந்தது. கதை-வசன கேசட்டுகள் விற்றன. டீக்கடையில் கேட்டன. லாரியில் கேட்டன. தறிப் பட்டறையில் கேட்டன.

கேசட்டும் போயிற்று. அந்த இடத்துக்குப் படத்தோடு கூடிய தட்டுகள் வந்தன. படம் வந்ததும் ஒரு வசதி போய்விட்டது. கேசட்டைக் கையோடு கொண்டுபோய் வேலை செய்துகொண்டே கேட்கலாம். தட்டுக்கு டெலிவிஷன் வேண்டும், பெட்டி வேண்டும், எதிரே உட்கார ஆள் வேண்டும்.

தட்டுக்குள் என்ன இருக்கிறது?

தட்டின் குறுக்களவு 12 சென்டிமீட்டர். வி.சி.டி.க்கும் அதே அளவுதான், டி.வி.டி.க்கும் அதே அளவுதான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும்.

வி.சி.டி. 1993-ல் வந்தது. ஒரு தட்டில் ஏறக்குறைய 74 நிமிடம் ஓடும். அதனால்தான் ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு தட்டு, சில சமயம் மூன்று தட்டு வேண்டியிருந்தது. டி.வி.டி. 1996-ல் ஜப்பானில் முதலில் விற்பனைக்கு வந்தது. ஒரே தட்டில் முழுப் படமும் அடங்கிவிடும்.

இரண்டிலும் படமும் ஒலியும் தனித்தனியாகத்தான் பதிவாகியிருக்கின்றன. துண்டு துண்டாகப் படம். இடையிடையே துண்டு துண்டாக ஒலி. இரட்டை மாட்டு வண்டியில் இரண்டு மாடுகளையும் ஒரே நுகத்தில் பூட்டுவதுபோலப் பூட்டியிருக்கிறார்கள். ஒரு மாட்டை அவிழ்த்து வெளியே கொண்டுவந்தால் அது தனியாக நடக்கும். ஒலியை எடுப்பது என்றால் இதுதான்.

வி.சி.டி.யில் ஒரு விநாடிக்குப் படத்துக்கு 1,150 கிலோபிட் செலவாகிறது. ஒலிக்கு 224 கிலோபிட்தான். அதாவது மொத்தத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் ஒலி. அந்த ஆறில் ஒரு பங்குதான் பெரியவருக்கு வேண்டும்!

வி.சி.டி.யில் பூட்டு கிடையாது. டி.வி.டி. வந்தபோது சினிமாக் கம்பெனிகள் அதற்கு ஒரு பூட்டுப் போட்டன. அதன் பெயர் சி.எஸ்.எஸ். தட்டில் உள்ளதைப் புரியாத மொழியாக மாற்றி வைத்துவிட்டு, திறவுகோலை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட கருவி உற்பத்தியாளர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். கடையில் வாங்கிய பெட்டியில் போட்டால் படம் ஓடும். வேறு விதமாகத் திறந்தால் கோடும் புள்ளியும்தான் தெரியும்.

எல்லா டி.வி.டி.யிலும் இந்தப் பூட்டு இருப்பதில்லை. கல்யாண வீட்டில் எடுத்த தட்டு, பள்ளிக்கூட ஆண்டு விழாத் தட்டு, உள்ளூர் நாடகத் தட்டு ஆகியவற்றில் பூட்டே கிடையாது. பூட்டு இருப்பது கம்பெனித் தட்டுகளில்தான். அவற்றிலும் சிலவற்றில் இல்லை.

15 வயதுப் பையன் மீது வழக்கு

இந்தப் பூட்டைப் பற்றிப் புகழ்பெற்ற வழக்கு நடந்தது நம் நாட்டில் அல்ல. வெகு தூரத்தில் உள்ள நார்வே நாட்டில்.

அங்கே யோன் லெக் யோஹான்சன் என்று ஒரு பையன். 1999-ல் அவனுக்கு வயது 15. காசு கொடுத்து வாங்கிய டி.வி.டி. அவனுடைய கம்ப்யூட்டரில் ஓடவில்லை. அவன் உபயோகித்த "லினக்ஸ்" அமைப்புக்குத் திறவுகோல் கொடுக்கப்படவில்லை. அவனும் வேறு இரண்டு பேரும் சேர்ந்து பூட்டைத் திறக்கும் புரோகிராம் ஒன்றைத் தயாரித்து வெளியிட்டார்கள்.

உலகம் முழுவதும் பரபரப்பு! அமெரிக்க சினிமாக் கம்பெனிகள் புகார் கொடுத்தன. 2000 ஜனவரியில் போலீசார் பையன் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரை எடுத்துச் சென்றார்கள். வழக்குக் கோர்ட்டுக்குப் போயிற்று.

2003 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. விடுதலை!

அரசாங்கத் தரப்பு அப்பீல் செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் அப்பீல் கோர்ட்டும் விடுதலை செய்தது. தட்டை வாங்கியவன், அதில் உள்ளதைத் திறந்து பார்க்க உரிமை உள்ளவன் என்பது கோர்ட்டார் எடுத்துக்கொண்ட கருத்து. சொந்த வீட்டுக் கதவைத் திறந்தவனைத் திருடன் என்று சொல்ல முடியாது அல்லவா?

எல்லா நாடும் இப்படி நினைக்கவில்லை. அமெரிக்காவில் 1998-ல் வந்த சட்டப்படி, பூட்டைத் திறப்பதே தவறு. தட்டு உங்களுடையதாக இருந்தாலும் தவறுதான். அங்கே மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை விதிவிலக்குக் கேட்டு மனுப் போடலாம். வீட்டு உபயோகத்துக்கு டி.வி.டி.யைப் பிரதி எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று மனுப் போட்டார்கள். 2012-ல் மறுத்தார்கள். 2015-லும் மறுத்தார்கள்.

பிரிட்டனில் நடந்தது அதைவிட வேடிக்கை. வாங்கிய தட்டைச் சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுக்கலாம் என்று 2014 அக்டோபரில் விதி வந்தது. பாட்டுக் கலைஞர்களின் சங்கங்கள் வழக்குப் போட்டன. "எங்களுக்கு நஷ்ட ஈடு எங்கே?" என்று கேட்டார்கள். 2015 ஜூலையில் ஐகோர்ட்டு அந்த விதியை ரத்து செய்துவிட்டது. அக்டோபரில் சரியாக இருந்த காரியம், அடுத்த ஜூலையில் மறுபடி தவறாகிவிட்டது!

நம் சட்டம் சொல்வது என்ன?

இந்தியாவின் காப்புரிமைச் சட்டம் 1957-ல் நிறைவேறியது. 1958 ஜனவரி 21-ந் தேதி அமலுக்கு வந்தது.

"சொந்த உபயோகத்துக்கு நியாயமான முறையில் பயன்படுத்துவது குற்றம் அல்ல" என்ற கருத்து அதில் உண்டு. 52-வது பிரிவில் இருக்கிறது. ஆனால் நெடுங்காலம் அந்தச் சலுகை எழுத்து, நாடகம், சங்கீதம், ஓவியம் ஆகியவற்றுக்கு மட்டும்தான் இருந்தது. சினிமாப் படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் இல்லை!

2012-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த ஆண்டு ஜூன் 21-ந் தேதி திருத்தம் அமலுக்கு வந்தது. "எந்தப் படைப்பானாலும்" என்று சொல்லை மாற்றினார்கள். கம்ப்யூட்டர் புரோகிராமை மட்டும் விலக்கி வைத்தார்கள். ஆகவே சினிமாவும் ஒலிப்பதிவும் இப்போது அந்தச் சலுகைக்குள் வந்துவிட்டன.

கண் பார்வை இல்லாதவர்களுக்கும் அதே திருத்தத்தில் தனியாக வழி செய்தார்கள். உடற்குறை உள்ளவர் அனுபவிக்கத்தக்க வடிவத்தில் ஒரு படைப்பை மாற்றிக் கொடுத்தால் அது குற்றம் அல்ல. கொடுப்பவர் யாராகவும் இருக்கலாம்.

பூட்டைத் திறப்பது பற்றியும் அந்தத் திருத்தத்தில் ஒரு பிரிவு வந்தது. அது 65-ஏ. பூட்டை உடைப்பவனுக்கு இரண்டு ஆண்டுவரை சிறை, அபராதமும் உண்டு. கேட்டாலே பயம் வருகிறது. ஆனால் அதிலே ஒரு முக்கியமான சொல் இருக்கிறது: "உரிமையை மீறும் நோக்கத்துடன்" உடைத்தால்தான் தண்டனை. அதற்கு அடுத்த வரியிலேயே, சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத காரியத்துக்காகத் திறப்பதை இந்தப் பிரிவு தடுக்காது என்றும் எழுதியிருக்கிறது.

அதாவது, இந்தியச் சட்டம் அமெரிக்கச் சட்டத்தைப்போல் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கவில்லை. எதற்காகத் திறந்தாய் என்று கேட்கிறது. நல்ல விஷயம்தான்.

இனிமேல்தான் குறை வருகிறது.

"வாங்கிய தட்டிலிருந்து வீட்டில் கேட்பதற்கு ஒலியை எடுத்துக்கொள்ளலாம்" என்று ஒரே ஒரு வரி சட்டத்தில் எங்கும் இல்லை. "நியாயமான முறை" என்றால் என்ன? ஒரு பிரதியா, இரண்டு பிரதியா? முழுப் படமா, பாதிப் படமா? அக்காள் வீட்டுக்கு ஒரு பிரதி கொடுக்கலாமா? சட்டம் சொல்லவில்லை. வக்கீல்கள் வாதாடலாம். நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லலாம். கடைத்தெருவில் நிற்கும் பேரனுக்கு வக்கீல் ஏது?

இன்னொரு வேடிக்கை. பூட்டைத் திறந்து கொடுக்க உதவி செய்பவர், யாருக்காகச் செய்தாரோ அவருடைய பெயர், விலாசம், அடையாள விவரம், என்ன காரியத்துக்காக என்ற தகவல் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்க வேண்டும் என்று 65-ஏ பிரிவு சொல்கிறது. எத்தனை கடைக்காரர்களுக்கு இது தெரியும்? தெரியாததால் ஒரு கூட்டம் கண்டபடி செய்கிறது. இன்னொரு கூட்டம் பயந்துபோய் நியாயமானதையும் மறுக்கிறது. நஷ்டம் பெரியவருக்கு!

திருடனும் தாத்தாவும் ஒன்றா?

சினிமாக் கம்பெனிகளின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

படம் வெளியான மறு நாளே தெருவில் திருட்டுத் தட்டு விற்றார்கள். கோடிக்கணக்கில் பணம் போட்டவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் 2004-ல் குண்டர் சட்டத்தையே திருத்தி, திருட்டு வீடியோக்காரர்களை அதில் சேர்க்க வேண்டிவந்தது. அது வேண்டியதுதான். ஒரு தட்டை நூறு தட்டாக்கி விற்பவன் திருடன். அதில் இரண்டு கருத்துக்கு இடம் இல்லை. ஒலியை மட்டும் எடுத்து நூறு கார்டில் ஏற்றி விற்றாலும் திருட்டுத்தான். இன்டர்நெட்டில் ஊருக்கெல்லாம் போட்டுவிட்டாலும் குற்றந்தான்.

பழைய படந்தானே என்றும் நினைத்துவிடக் கூடாது. படத்துக்குக் காப்புரிமை, வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள். வசனமும் பாட்டும் எழுதியவர்களுக்கோ அவர்கள் வாழ்நாள் முழுவதும் உண்டு. மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் உண்டு. படம் 60-ஐத் தாண்டியிருக்கும்; வசனம் தாண்டியிருக்காது.

ஆனால் விற்காமல், ஊருக்குப் பரப்பாமல், தான் வாங்கியதைத் தன் காதில் வைத்துக் கேட்பவனால் யாருக்கு என்ன நஷ்டம்? கம்பெனி தட்டை விற்றுவிட்டது. பணம் வந்துவிட்டது. ஒலியை மட்டும் தனியாக விற்கும் கதை-வசன கேசட்டையும் அவர்களே நிறுத்திவிட்டார்கள். கடையில் இருந்தால் பெரியவர் அதையே வாங்கியிருப்பாரே!

ஜெர்மனி நாட்டில் 1965-லேயே ஒரு வழி கண்டார்கள். ஒலிப்பதிவுக் கருவி விற்கும்போதே ஒரு சிறு தொகையைக் கலைஞர்களுக்காக வசூலிப்பது. வீட்டில் பதிவு செய்துகொள்பவரைத் தொந்தரவு செய்யாமல் விடுவது. இந்தியாவில் அந்த ஏற்பாடு இல்லை. வேண்டும் என்று நினைத்தால் அதைக்கூட யோசிக்கலாம். ஒரு மெமரி கார்டுக்குச் சில காசு கூடினால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

"இதெல்லாம் எதற்கு? இப்போதுதான் எல்லாப் படமும் யூடியூபில் கிடைக்கிறதே!" என்று சிலர் கேட்பார்கள்.

கிடைக்கிறது. இன்று இருப்பது நாளைக்கு இருக்கும் என்ற உறுதி இல்லை. நடுவே விளம்பரம் வந்து விழுகிறது. ஒவ்வொரு தடவை கேட்பதற்கும் டேட்டா தீருகிறது. கண் தெரியாத பெரியவர் வழுவழுப்பான கண்ணாடியில் விரலை வைத்துத் தேடுவது எப்படி? அதைவிட முக்கியமான சங்கதி, எந்த இன்டர்நெட்டிலும் கிடைக்காத தட்டுகள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன.

பீரோவில் இருக்கும் தட்டு

கல்யாணத் தட்டைத்தான் சொல்கிறோம். 2000-க்குப் பிறகு கல்யாணம் நடந்த பல வீடுகளில் பீரோவில் புடவைக்கு அடியில் ஒன்று இருக்கும். ஜிகினா ஒட்டிய உறை. மேலே மணமக்கள் பெயர். கல்யாணம் ஆன வருடம் பத்துத் தடவை போட்டுப் பார்த்தது. அப்புறம் தொட்டதில்லை.

அந்தத் தட்டில் தாத்தா பேசுகிறார். பாட்டி நலங்குப் பாட்டுப் பாடுகிறாள். சித்தப்பா யாரையோ அதட்டுகிறார். பேசியவர்களில் சிலர் இன்று இல்லை. போட்டோவில் அவர்கள் முகம் இருக்கிறது. குரல் வேறு எங்கும் இல்லை.

அந்தக் குரலை எடுப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது. கல்யாண வீடியோ, கல்யாண வீட்டாருடையது!

இதில் ஒரே ஒரு தொல்லை உண்டு. வீடியோக்காரர் கைவரிசை! தாத்தா வாயைத் திறக்கும்போதெல்லாம் மேலே ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவார். முகூர்த்தத்துக்கு ஒரு பாட்டு, சாப்பாட்டுப் பந்திக்கு ஒரு பாட்டு. ஊர்வலத்தில் பேச்சே கேட்காது. பாட்டை ஏற்றிய இடத்தில் உண்மையான குரலை அழித்திருந்தால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. வெட்டி ஒட்டாத பழைய கேசட் அவரிடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. இனிமேல் கல்யாணம் வைத்திருப்பவர்கள், "பெரியவர்கள் பேசும் இடத்தில் பாட்டைப் போடாதே, தம்பி" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது அதைவிட நல்லது.

தாமதமும் கூடாது. கம்பெனித் தட்டில் பதிவு, அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். வீட்டுத் தட்டில் அப்படி அல்ல. அது ஒரு சாயப் பூச்சின்மேல் ஒளிக்கதிரால் எழுதியது. வெயிலும் புழுக்கமும் பட்டால் சாயம் கெடும். எழுத்து மங்கும். நேற்று ஓடிய தட்டு இன்று சுற்றிக்கொண்டே இருக்கும், படம் வராது. தட்டுப் போடும் வாசல் உள்ள கம்ப்யூட்டரும் குறைந்துவருகிறது. தட்டு நன்றாக இருந்தும் போட இடம் இல்லாமல் போகும்.

எடுப்பது எப்படி?

பெரிய வித்தை அல்ல. தட்டு வாசல் உள்ள கம்ப்யூட்டர் வேண்டும். இல்லாவிட்டால் யு.எஸ்.பி. கம்பியில் மாட்டும் தனி வாசல் கடையில் கிடைக்கிறது.

முதலில் தட்டை மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். பிறகு தட்டில் உள்ளதை அப்படியே கம்ப்யூட்டருக்குள் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய தட்டை மறுபடி மறுபடி சுழலவிட்டால் பாதியில் நின்றுவிடும்.

வி.சி.டி.யாக இருந்தால் உள்ளே "எம்பெக்-ஏவி" என்று ஒரு அறை இருக்கும். அதில் இருக்கும் பெரிய கோப்புத்தான் படம். டி.வி.டி.யாக இருந்தால் "வீடியோ-டிஎஸ்" என்ற அறையில் படம் துண்டு துண்டாக இருக்கும்.

"வி.எல்.சி." என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. இலவசம். அதில் "மீடியா" என்ற இடத்தை அழுத்தி, "கன்வர்ட்" என்பதைத் தேர்ந்தெடுத்து, எம்.பி.3 வேண்டும் என்று சொன்னால் படத்தை விட்டுவிட்டு ஒலியை மட்டும் எடுத்துத் தரும். "128 கிலோபிட்" தரத்தில் எடுத்தால் ஒரு மணி நேர ஒலிக்கு ஏறக்குறைய 58 மெகாபைட் போதும். மூன்று மணி நேரப் படம், 175 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஒரு சிறிய மெமரி கார்டில் நாள் கணக்கில் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. சில டி.வி.டி.களில் ஒலி ஆறு வழிகளாகப் பிரிந்திருக்கும். பேச்சு நடு வழியில் இருக்கும். சரியாகச் சேர்க்காவிட்டால் வாத்தியம் பலமாகக் கேட்கும். வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். தட்டில் "ஸ்டீரியோ" என்று வேறு ஒலி வழியும் இருந்தால் அதையே எடுப்பது நல்லது.

செய்ய வேண்டியது

வேலை இவ்வளவு சுலபம். சட்டமும் பாதி வழி வந்துவிட்டது. மீதிப் பாதியையும் வர வேண்டும்.

மத்திய அரசாங்கம் 52-வது பிரிவில் ஒரு வரி சேர்க்கலாம். முறைப்படி வாங்கிய தட்டிலிருந்து, வாங்கியவரும் அவர் குடும்பத்தாரும் வீட்டில் கேட்பதற்கு ஒலியை எடுத்துக்கொள்ளலாம், விற்கக் கூடாது, பரப்பக் கூடாது. இதற்குமேல் வேண்டியதில்லை. நாலாம் வகுப்புப் படித்தவர் வாசித்தாலும் புரிய வேண்டும்.

சினிமாக் கம்பெனிகளும் ஒன்று செய்யலாம். உறையில் பொடி எழுத்து இங்கிலீஷில் எதைச் செய்யக் கூடாது என்று மிரட்டுகிறார்கள். எதைச் செய்யலாம் என்பதையும் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சடிக்கலாமே! இல்லையென்றால் பழைய படங்களின் கதை-வசனத்தைத் தனியாக விற்கட்டும். வாங்குவதற்கு ஆள் இருக்கிறது.

கடைக்காரர்களுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். கோடு போட்டு நான்கு கட்டம். கட்டம் ஒன்றில் பெயர். அடுத்ததில் விலாசம். அடுத்ததில் அடையாளச் சீட்டு விவரம். கடைசிக் கட்டத்தில், எதற்காக என்று எழுத வேண்டும். பேரன் வந்தால், அங்கே "தாத்தா கேட்பதற்கு" என்று எழுதிக்கொண்டு தட்டை வாங்கி வைக்கலாம்.